முதல் மேட்ச்லயே 'சிக்கன் டின்னர்', அப்புறம் வரிசையா தோல்வி... கேமுக்குள்ள என்னதான் நடக்குது?

ஒரகடத்தில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்பினால், பல சீட்டில் பிஜிஎம்ஐ ஓட ஆரம்பித்துவிடும். புதுசாக இன்ஸ்டால் செய்தவருக்கு முதல் சில மேட்ச்சிலேயே 'சிக்கன் டின்னர்' கிடைக்கும். ஆனா, கொஞ்ச நாளிலேயே அதே ஆள் தரையிறங்கியதும் அவுட். கை அதே கைதான், போனும் அதே போன்தான். அப்புறம் ஏன்?

ஜெயிக்க வைத்தது யார்?

பப்ஜி மொபைல் வகை கேம்களில், ஆரம்ப மேட்ச்களில் எதிரே நிற்பவர்களில் பலர் மனிதர்களே இல்லை. 'பாட்' எனப்படும், கேமே இயக்கும் எதிரிகள். மெதுவாகச் சுடும், குறி தவறும், மறைவில்லாத இடத்தில் நின்று கொடுக்கும். ரேங்க் ஏற ஏற பாட் குறைந்து, நிஜ ஆட்கள் கூடுவார்கள்.

பிசி, கன்சோல் பப்ஜியிலும் 2020-ல் பாட்கள் சேர்க்கப்பட்டன. பழைய ஆட்டக்காரர்களிடம் புதியவர்கள் உடனுக்குடன் செத்துப்போகிறார்கள் என்பதுதான் காரணம். முதல் நாளே அடி வாங்கினால் யாரும் மறுநாள் வரமாட்டார்கள் இல்லையா?

அப்போ நோக்கியா காலத்தில்?

இதே ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை இயங்கியது. அந்தக் காலத்தில் பலர் கையில் இருந்த நோக்கியா 1100-ல் 'ஸ்பேஸ் இம்பாக்ட்' என்ற சுடும் கேம் உண்டு. அதில் எதிரிகள் வரும் வரிசை மாறாது. யார் ஆடினாலும் ஒரே கஷ்டம்தான். பத்து தடவை தோற்றால், பதினோராவது தடவை எங்கே சுட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஆளைப் பார்த்துக் கஷ்டத்தை மாற்றும் கேம்களும் உண்டு. 2005-ல் வெளியான 'ரெசிடென்ட் ஈவில் 4' இதற்குப் பிரபலமான உதாரணம். ஆடுபவர் அடிக்கடி செத்தால், சத்தமில்லாமல் சண்டையைக் கொஞ்சம் இளக்கிவிடும்.

சண்டையை எப்படிச் சமன் செய்கிறார்கள்?

பப்ஜியில் ஒருவரின் உயிர் அளவு 100. லெவல் 1 வெஸ்ட் போட்டால் உடம்பில் படும் டேமேஜ் 30% குறையும். லெவல் 2-க்கு 40%, லெவல் 3-க்கு 55%. ஏ.டபிள்யூ.எம். துப்பாக்கியோ லெவல் 3 ஹெல்மெட் போட்டவரையும் தலையில் ஒரே குண்டில் சாய்த்துவிடும். அது எல்லார் கையிலும் இருந்தால் ஆட்டமே கெட்டுப்போகும். அதனால்தான் பெரும்பாலும் ஏர் டிராப்பில் மட்டும், எண்ணிக் கொடுத்த குண்டுகளோடு வருகிறது. வலுவானது அரிதாக இருக்க வேண்டும், சுலபமாகக் கிடைப்பது சுமாராக இருக்க வேண்டும். சமன் செய்வதன் அடிப்படையே இதுதான்.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன லாபம்?

பாட்களைச் சுட்டு வாங்கிய வெற்றியைத் தன் திறமை என்று நம்புபவர், நிஜ ஆட்களிடம் தோற்றதும் 'இன்னும் ஒரு மேட்ச்' என்று உட்கார்ந்துவிடுகிறார். காலை ஷிஃப்டுக்குப் போக வேண்டியவருக்கு அது பறிபோன தூக்கம். இன்னும் சிலர் காசு கட்டி கன் ஸ்கின் வாங்குகிறார்கள். ஸ்கின் துப்பாக்கியின் தோற்றத்தைத்தான் மாற்றும், டேமேஜைக் கூட்டாது.

2022 ஜூலையில் முடக்கப்பட்ட பிஜிஎம்ஐ, 2023 மே மாதம் திரும்பி வந்தபோது 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு தினமும் 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 6 மணி நேரம் என்று வரம்பு வைக்கப்பட்டது. ஆனால் 6 மணி நேரம் என்பதே கிட்டத்தட்ட ஒரு ராத்திரித் தூக்கம்!

தோற்றதும் அடுத்த மேட்ச்சுக்கு ஓடாமல், டெத் ரீப்ளேயைப் பாருங்கள். எப்படிச் செத்தோம் என்று புரிந்தால், அது கற்றுக்கொள்ளக்கூடிய தோல்வி. மூன்று முறை பார்த்தும் புரியவில்லையா? போனை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.