வானத்திலுள்ள தந்தையும் வீட்டிலுள்ள தந்தையும்

வியட்நாம் மொழியில் 'நான்', 'நீ' என்று எல்லாரிடமும் ஒரே விதமாகப் பேசிவிட முடியாது. பேசுகிறவர் மகனா, தம்பியா, பேரனா என்பதற்கேற்பத் தம்மைக் குறிக்கும் சொல்லே மாறிவிடும். அம்மொழியில் கிறிஸ்தவ சமயத்தைப் போதிக்க வந்தவர்களுக்கு எழுந்த முதற் கேள்வி என்ன தெரியுமா? கடவுள் நமக்கு என்ன உறவு என்பதுதான்!

1627-இல் வட வியட்நாமுக்கு வந்தார் அலெக்சாண்டர் த ரோட் என்னும் ஏசு சபைத் துறவி. 1651-இல் ரோமாபுரியில் அச்சான அவரது ஞானோபதேச நூல் எட்டு நாள் பாடமாக, லத்தீனிலும் வியட்நாம் மொழியிலும் அமைந்தது. அதில் மூன்று தந்தையரைக் காட்டுகிறார்: பெற்ற தந்தை, நாடாளும் அரசன், இருவருக்கும் மேலான வானத்தின் தலைவன். கன்பூசிய நெறியில் வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகப் படவில்லை. ஆனால் 'பரிசுத்த ஆவி'க்கு மட்டும் ஐரோப்பியச் சொல்லையே வைத்துக்கொண்டார். தக்க உள்நாட்டுச் சொல் பின்னரே நிலைபெற்றது.

அம்மொழியில் 'மா' என்ற ஓர் ஒலியையே குரலை ஏற்றியும் இறக்கியும் சொன்னால் பேய், தாய், கல்லறை, குதிரை, நாற்று என்றெல்லாம் பொருள்படும். ஆகவே ரோமன் எழுத்துகளின் மேலும் கீழும் குறிகள் இடப்பட்டன. இம்முறையின் புகழ் முழுவதையும் த ரோடுக்கே சூட்டுவது நியாயமன்று. அவருடைய ஆசிரியரான பிரான்சிஸ்கோ த பீனா முதலிய போர்ச்சுகீசியர் முன்பே இதில் உழைத்தவர்கள். இன்று அதுவே அந்நாட்டின் எழுத்து.

சொற்களைவிடக் கடினமான சிக்கல் வேறொன்று. இறந்த பெற்றோருக்கு ஊதுபத்தி ஏற்றி வணங்குவது அங்கே மகனின் தலையாய கடமை. ஆசியாவில் சமயம் பரப்பிய துறவிகளிடையே இது பற்றி நெடுநாள் விவாதம் நடந்தது. 1742-இல் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் சீனச் சடங்குகளுக்கு விதித்த தடை வியட்நாமையும் கட்டுப்படுத்திற்று. பெற்ற தந்தையைக் காட்டி வானத்துத் தந்தையை விளக்கிய சமயம், இப்போது அந்தப் பெற்ற தந்தைக்கே ஊதுபத்தி கூடாது என்றது! ஊரார் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை நீங்களே ஊகிக்கலாம். மன்னர் மின் மாங் 1833-இல் இச்சமயத்தைத் தடைசெய்ததற்கு அரசியல் அச்சமும் காரணமே. ஆயினும் 'முன்னோரை மறந்தவர்கள்' என்ற பழி கிறிஸ்தவர்களை நெடுங்காலம் துரத்தியது.

1939-இல் ரோமாபுரி சீனாவுக்கு இத்தடையைத் தளர்த்தியது. வியட்நாமில் ஆயர்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1965-இல்தான். இன்று அங்குள்ள பல கத்தோலிக்க வீடுகளில் மேலே சிலுவையும், கீழே தாத்தா பாட்டியின் படங்களும், அவற்றின் முன் ஊதுபத்தியும் காணலாம். புத்தாண்டின் இரண்டாம் நாள் திருப்பலி முன்னோருக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது.