100 வரை ஒப்பிக்கும் குழந்தை 12 புளியங்கொட்டையை எண்ணத் தடுமாறுவது ஏன்? வீட்டிலேயே விளையாட 3 வழிகள்!

ஒண்ணு, ரெண்டு, மூணு என நூறு வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறது குழந்தை. பெற்றோருக்கு அதில் பெருமைதான். ஆனால், அதே குழந்தையின் முன்னால் 12 புளியங்கொட்டையைக் கொட்டி, "எத்தனை இருக்கு?" என்று கேட்டால் ஒருமுறை 11 என்கிறது, மறுமுறை 14 என்கிறது. இது ஏன் நடக்கிறது? சரிசெய்ய என்ன வழி?

ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு

எண்களை வரிசையாகச் சொல்வது பாட்டு மாதிரி. மனப்பாடம் செய்தாலே போதும். எண்ணுவது அப்படியல்ல. அமெரிக்க உளவியலாளர்கள் ரோச்சல் கெல்மன், கேலிஸ்டல் இருவரும் 1978-ல் வெளியிட்ட நூலில் இதற்கான அடிப்படை விதிகளை விளக்கினர். ஒரு பொருளுக்கு ஒரு எண்தான் சொல்ல வேண்டும். எண்களின் வரிசை மாறக் கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் விடை மாறாது. பொருள் எதுவாக இருந்தாலும் இதே விதிகள்தான்.

ஒரே கொட்டையை இருமுறை தொட்டாலோ, ஒன்றைத் தாண்டிப் போனாலோ விடை தவறிவிடும். இதைச் சரிசெய்ய எளிய வழி, பொருட்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து எண்ணுவது.

நாலு வரைக்கும்தான் கண் கணக்கு

மூன்று கொட்டை கிடந்தால் யாரும் எண்ணுவதில்லை. பார்த்ததுமே 'மூணு' என்று சொல்லிவிடுகிறோம். எட்டு கிடந்தால் அது முடியாது. இங்கிலாந்து அறிஞர் ஜெவன்ஸ் 1871-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். கறுப்பு அவரை விதைகளை ஒரு பெட்டியில் வீசி, பார்த்த கணத்தில் எத்தனை என்று தன் கண்ணையே சோதித்தார். ஆயிரம் முறைக்கு மேல் செய்ததில், மூன்று, நான்கு வரை ஒருமுறைகூட அவர் தவறவில்லை. ஐந்திலிருந்து தவறு தொடங்கியது.

படித்த பெரியவருக்கே இந்த நிலை என்றால், ஐந்து வயதுக் குழந்தையை 12-ஐ ஒரே குவியலாக எண்ணச் சொல்வது கஷ்டம்தான். அதையே மூன்று மூன்றாக நாலு கூறு வைத்தால் கண்ணுக்கும் பிடிபடும், கைக்கும் பிடிபடும்.

கூறு கட்டத் தெரிந்தால் என்ன லாபம்?

'ஏசர்' எனப்படும் ஆண்டுக் கல்வி நிலை அறிக்கையின்படி, தமிழக ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் கழித்தல் கணக்காவது போடத் தெரிந்தவர்கள் 2018-ல் 25.9 சதவீதம். 2022-ல் இது 11.2 சதவீதமாகக் குறைந்தது. கொரோனாவால் பள்ளிகள் நீண்ட காலம் மூடிக்கிடந்த பிறகு எடுக்கப்பட்ட கணக்கு இது.

அந்தச் சோதனையில் கேட்கப்படுவது 'கடன் வாங்கி'க் கழிக்கும் இரண்டு இலக்கக் கணக்கு. 41-லிருந்து 13-ஐக் கழிக்க வேண்டும் என்றால், ஒரு பத்தைப் பிரித்து ஒன்றுகளாக்க வேண்டும். பத்து என்பது ஒரு கட்டு, அதைப் பிரிக்கவும் சேர்க்கவும் முடியும் என்று கையால் செய்து பார்க்காத குழந்தைக்குக் 'கடன்' வெறும் மந்திரமாகவே இருக்கும். வாய்ப்பாடும் அப்படித்தான்.

வீட்டில் விளையாட 3 விளையாட்டுகள்

செய்யாற்றங்கரையில் இருக்கும் கலசப்பாக்கம் ஆகட்டும், மேலே ஜவ்வாது மலைக் கிராமங்கள் ஆகட்டும், புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. இந்த விளையாட்டுகளுக்குக் காசும் தேவையில்லை, பெற்றோர் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

1. ஒத்தையா, ரெட்டையா: கை நிறையக் கொட்டையை மூடிக்கொண்டு கேளுங்கள். குழந்தை சொன்னதும் இரண்டிரண்டாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மிஞ்சினால் ஒத்தை. இரண்டாம் வாய்ப்பாடும், 'மீதி' என்ற கருத்தும் இங்கேயே தொடங்கிவிடும்.

2. கூறுக் கடை: சந்தையில் மாங்காய் கூறு கட்டி விற்பதைக் குழந்தைகள் பார்த்திருப்பார்கள். "ஒரு கூறுக்கு அஞ்சு. நாலு கூறு குடுங்க" என்று கேளுங்கள். குழந்தை எடுத்து வைத்ததும் 5, 10, 15, 20 எனச் சேர்ந்து சொல்லுங்கள். பிறகு 22 கொட்டை கொடுத்து, எத்தனை கூறு வரும், எத்தனை மிஞ்சும் என்று கேட்டால் அதுவே வகுத்தல்.

3. பல்லாங்குழி: 14 குழி, குழிக்கு ஐந்து கொட்டை. ஒரு பக்கத்து ஏழு குழியிலும் சேர்த்து 35. குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவது, 'ஒரு பொருளுக்கு ஒரு எண்' விதிக்கான நேரடிப் பயிற்சி. பல ஊர்களில் ஒரு குழியில் நாலு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த நாலை யாரும் எண்ணுவதில்லை, கண்ணே சொல்லிவிடும்.

தமிழிலேயே இருக்கிறது வழி

இருபது என்றால் இரு பத்து, முப்பது என்றால் மூன்று பத்து. எண்ணின் பெயரிலேயே கட்டு இருக்கிறது. பழைய தமிழ் எண்முறையில் 23-ஐ ௨௰௩ என்று எழுதினார்கள். அதாவது, இரண்டு, பத்து, மூன்று. பத்துப் பத்தாகக் கட்டி வைத்த ஈர்க்குச்சியைக் காட்டி இதைச் சொன்னால் குழந்தைக்குச் சட்டெனப் புரியும். தொண்ணூறு மட்டும் இந்த வழக்கத்துக்குள் வராது. அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

பள்ளிகளில் என்ன நடக்கிறது?

தமிழக அரசு 2022 ஜூன் 13-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்பது இலக்கு. முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை வந்த திட்டம், அடுத்த கல்வியாண்டில் 4, 5-ம் வகுப்புகளுக்கும் விரிந்தது. அரும்பு, மொட்டு, மலர் என நிலைகளாகப் பிரித்து, ஆடல், பாடல், கதை, பொம்மலாட்டம் வழியாகப் பாடம் நடத்துகிறார்கள்.

கவனிக்க வேண்டியவை

மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளிடம் கொட்டை, கூழாங்கல் போன்றவற்றைக் கொடுக்கக் கூடாது. விழுங்கினால் மூச்சு அடைக்கும் ஆபத்து உண்டு. தம்பி, தங்கை இருக்கும் வீடுகளில் ஆட்டம் முடிந்ததும் எல்லாக் கொட்டையும் டப்பாவுக்குத் திரும்பிவிட்டதா என்று பாருங்கள். விரல்விட்டு எண்ணும் குழந்தையைத் திட்டாதீர்கள். இரண்டு கையும் சேர்ந்தால் ஒரு பத்துதானே!

புரிந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

23 கொட்டையைக் கொடுங்கள். இரண்டு பத்தும் மூன்றும் எனப் பிரிக்கட்டும். பிறகு இன்னொரு பத்தை எண்ணிச் சேர்த்து, "இப்போ எத்தனை?" என்று கேளுங்கள். முதலிலிருந்து எண்ணாமல் '33' என்று சொன்னால், கழித்தலுக்குத் தயார். மறுபடி ஒண்ணு, ரெண்டு என்று தொடங்கினால் இன்னும் சில நாள் விளையாட வேண்டும், அவ்வளவுதான்.