சுருள் சிரை அறுவைச் சிகிச்சை: வரலாறு

காலில் தோலுக்கு அடியில் ஓடும் சிரைகள் வீங்கி, நீண்டு, நெளிந்து புடைத்து நிற்பதைச் சுருள் சிரை நோய் என்கிறோம். மருத்துவமனைகளில் வெரிகோஸ் வெயின் என்றும் வீட்டுப் பேச்சில் நரம்பு சுருட்டல் என்றும் சொல்வார்கள். கால் கனத்தல், மாலையில் வீக்கம், இரவில் தசைப்பிடிப்பு, அரிப்பு ஆகியவை இதன் தொடக்க அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்துத் தடிக்கும். பின்னர் அங்கே ஆறாத புண் உண்டாகும். இதற்கு அறுவைச் சிகிச்சை செய்யும் வழக்கம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. ஆனால் எதை அறுக்க வேண்டும் என்ற தெளிவு சென்ற நூற்றுமுப்பது ஆண்டுகளில்தான் வந்தது.

நோய் உண்டாகும் விதம்

காலின் இரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து இதயத்துக்கு ஏற வேண்டும். நடக்கும்போது ஆடுசதை இறுகி, தசைக்குள் புதைந்த ஆழ்சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. மேலே போனது கீழே இறங்காதபடி சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள், ஒரு பக்கம் மட்டும் திறக்கும் மதகுக் கதவு போலத் தடுக்கின்றன. தோலுக்கு அடியில் இரண்டு முக்கியச் சிரைகள் உள்ளன. பெரிய சஃபீனஸ் சிரை உட்புறக் கணுக்காலில் தொடங்கி, முழங்காலின் உட்புறமாக ஏறி, தொடை இடுக்கில் ஆழமான தொடைச் சிரையோடு சேர்கிறது. சிறிய சஃபீனஸ் சிரை வெளிப்புறக் கணுக்காலின் பின்னிருந்து ஏறி, பெரும்பாலும் முழங்காலின் பின்குழியில் ஆழ்சிரையில் சேர்கிறது. இவை தவிர, மேல்சிரைகளையும் ஆழ்சிரைகளையும் ஆங்காங்கே இணைக்கும் ஊடுசிரைகளும் உண்டு. தொடை இடுக்கிலுள்ள வால்வு கெட்டுப்போனால் ஆழ்சிரையின் இரத்தம் மேல்சிரைக்குள் பின்னோக்கி விழும். அந்த அழுத்தம் தாங்காமல் கிளைச் சிரைகள் சுருளுகின்றன. ஆக, கண்ணுக்குத் தெரியும் சுருள் ஆடுசதையில் இருந்தாலும் அதன் மூலம் தொடை இடுக்கில் இருக்கக்கூடும். இதைக் கண்டறிய எத்தனை காலம் பிடித்தது என்பதே இந்தச் சிகிச்சையின் வரலாறு.

பரம்பரை, வயது, கர்ப்பகாலம், உடல் பருமன் ஆகியவை நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. நெடுநேரம் நின்றே செய்யும் வேலையும் அப்படித்தான். ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க உட்காரவே முடியாமல் நிற்கும் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018இலேயே இதைச் செய்திருந்தது. அறுவைச் சிகிச்சை பற்றிய கட்டுரையில் இதைச் சொல்லக் காரணம் உண்டு. அறுவைக்குப் பிறகும் அதே கடையில் அதே போல் நிற்க வேண்டியிருப்பவருக்கு, மருத்துவர் தரும் அறிவுரை மட்டும் போதாது.

பண்டைய காலம்

கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் பப்பைரஸ், காலில் பாம்பு போல் வளைந்த வீக்கங்களைக் குறிப்பிட்டு, அவற்றில் கத்தி வைக்கக் கூடாது என்று எச்சரிக்கிறது. இரத்தப்போக்கை நிறுத்தும் வழியறியாத காலத்தில் அது நேர்மையான அறிவுரை. ஏதென்ஸில் அக்ரோபொலிஸ் குன்றின் அடிவாரத்தில் கிடைத்த கி.மு. நான்காம் நூற்றாண்டின் நேர்த்திக்கடன் சிற்பம் ஒன்றில், ஒருவர் தம்மைவிடப் பெரிய கால் ஒன்றைக் கட்டிப் பிடித்தபடி நிற்கிறார். அந்தக் காலின் உட்புறத்தில் புடைத்த சிரை செதுக்கப்பட்டிருக்கிறது. ஹிப்போகிரட்டீஸ் மரபினர் சுருளைப் பெரிதாக வெட்டாமல் ஆங்காங்கே குத்திவிட்டுக் கட்டுப் போடச் சொன்னார்கள். கட்டுப் போடுவது இன்றும் நீடிக்கிறது.

ரோமானியர்கள் துணிந்து வெட்டினார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் செல்சஸ் எழுதிய மருத்துவ நூல் இரண்டு வழிகளைச் சொல்கிறது. ஒன்று, தோலைத் திறந்து சிரையைச் சூட்டுக்கோலால் சுடுவது. மற்றொன்று, நான்கு விரற்கடை இடைவெளியில் தோலைக் கீறி, கொக்கியால் சிரையைத் தூக்கிப் பிடித்து அறுத்தெடுப்பது. மயக்க மருந்து இல்லாத அந்த நாளில் இது எப்படி இருந்திருக்கும் என்பதற்கு ரோமானியத் தளபதி காயுஸ் மாரியுஸின் கதை சாட்சி. தம்மைக் கட்டிப்போட விடாமல் ஒரு காலை நீட்டி, முனகாமல் வலியைப் பொறுத்தார் என்கிறார் புளூட்டார்க். மருத்துவர் அடுத்த காலுக்கு வந்தபோது, கிடைக்கும் பயன் இந்த வலிக்கு ஈடாகாது என்று மறுத்துவிட்டாராம். இந்தக் கதையை மாரியுஸின் வீரத்துக்காகவே பலரும் சொல்வார்கள். எனக்கு அவருடைய மறுப்புதான் முக்கியமாகப் படுகிறது. சிகிச்சையின் துன்பத்தையும் பலனையும் நோயாளியே எடைபோட்டுச் சொன்ன தீர்ப்பு அது.

ஏழாம் நூற்றாண்டில் ஈஜினாவின் பால் என்ற பைசாந்திய மருத்துவர் ஒரு படி முன்னே போனார். தொடையின் மேற்புறம் இறுகக் கட்டி, நோயாளியை நடக்கவிட்டு, சிரை புடைத்ததும் அதன் மேல் மையால் குறியிட்டார். பிறகு படுக்கவைத்துத் தோலைக் கீறி, சிரையைத் தூக்கி, நூலால் முடிச்சிட்டார். சுருள் கீழே இருக்க, அவர் முடிச்சைத் தொடையில் போட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏன் அங்கே முடிச்சிட்டால் பலன் கிடைக்கிறது என்பதை விளக்கும் உடலியல் அப்போது இல்லை. பத்தாம் நூற்றாண்டு முடியும் காலத்தில் கோர்டோபாவின் அல்-ஸஹ்ராவி தம் பெருநூலில் சிரையை அறுத்தெடுக்கும் முறையை எழுதினார். அதன் பிறகு பல நூற்றாண்டுகளுக்குப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை.

டிரெண்டலென்பர்க்

1603இல் பதுவாவில் ஃபப்ரீசியஸ் சிரை வால்வுகளை வரைந்து வெளியிட்டார். அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி 1628இல் இரத்த ஓட்டத்தை விளக்கியபோது, வால்வுகள் இரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே விடுகின்றன என்று காட்டினார். ஈதர் மயக்கம் 1846இலும், லிஸ்டரின் கிருமிநீக்க முறை 1867இலும் வந்த பிறகே, உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு நோய்க்காகக் காலைத் திறக்கும் துணிச்சல் பரவலாக வந்தது. ஆனாலும் மாடெலுங் 1884இல் முன்வைத்த முறை, காலின் நீளத்துக்கும் தோலைத் திறந்து சிரையை உரித்தெடுப்பதாகவே இருந்தது. பின்னர் ஜெர்மனியில் காலைச் சுற்றிச் சுழலாகத் தோலைக் கீறும் முறைகள்கூட வந்தன. நோய் விட்டுச்சென்றதைவிட அந்தத் தழும்புகள் கொடியவை.

ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபிரீட்ரிக் டிரெண்டலென்பர்க் (1844–1924) எளிய சோதனை ஒன்றைச் செய்தார். நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் சிரை காலியாகும். தொடையில் சிரையை விரலால் அழுத்திக்கொண்டு அவரை நிற்கச் சொன்னால் சுருள் உடனே நிரம்பாது. விரலை எடுத்ததும் இரத்தம் மேலிருந்து கீழே பாய்ந்து நிரப்பும். நோய் மேலிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. மேல்சிரையில் இறங்கும் இரத்தம் ஊடுசிரைகள் வழியே ஆழ்சிரைக்குள் போய், அங்கிருந்து ஏறி, மறுபடியும் மேல்சிரைக்குள் விழுகிறது. இதயத்துக்குப் போய்ச் சேராமல் காலுக்குள்ளேயே சுற்றுகிறது என்று அவர் விளக்கினார். 1891இல் அவர் வெளியிட்ட சிகிச்சை மிகச் சிறியது: தொடையில் சிறு கீறல், சிரைக்கு முடிச்சு, அவ்வளவுதான். இன்று லேசர் கம்பியோடு நிற்கும் மருத்துவரும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கிறார். அதனால் இந்த வரலாற்றில் டிரெண்டலென்பர்க்குக்கு முன், பின் என்று பிரிப்பதே சரி என்று தோன்றுகிறது.

அவருடைய மாணவர் பெர்த்தெஸ் 1895இல் பழைய நோயாளிகளை மறுபடி பரிசோதித்தபோது, சிலருக்கு நோய் திரும்பியிருந்தது. முடிச்சு விழுந்த இடத்துக்கு மேலே விடப்பட்ட துண்டும் அதன் கிளைகளும் இரத்தத்துக்கு மாற்றுவழி தந்தன. ஆகவே முடிச்சு மேலே மேலே நகர்ந்தது. அமெரிக்காவில் ஜான் ஹோமன்ஸ் 1916இல், பெரிய சஃபீனஸ் சிரை தொடைச் சிரையோடு சேரும் இடத்தை ஒட்டியே, துண்டு மிஞ்சாமல் கட்ட வேண்டும் என்று வலியுறுத்தினார்.

உருவியெடுத்தல்

இதற்கிடையே, சிரையை நீளமாகக் கீறாமல் வெளியே எடுக்கும் வழிகள் மூன்று ஆண்டுகளில் அடுத்தடுத்துப் பிறந்தன. 1905இல் கெல்லர் சிரைக்குள் கம்பியை விட்டு, அதன் நுனியில் சிரையைக் கட்டி, உள்புறம் வெளியே வருமாறு திருப்பி இழுத்தார். 1906இல் சார்லஸ் மேயோ சிரையின் வெளிப்புறமாக வளையம் ஒன்றைச் செலுத்திக் கிளைகளை அறுத்தார். 1907இல் பிலடெல்பியாவின் பாப்காக், நுனியில் குமிழ் கொண்ட நீண்ட கம்பியைச் சிரைக்குள் செலுத்தி, குமிழில் மாட்டிய சிரையை உருவினார். வளையும் கம்பிகள் பின்னர் வந்ததும் பாப்காக்கின் வழி உலகெங்கும் நிலைத்தது. தொடை இடுக்கில் சந்திப்பைக் கட்டி, சிரையை உருவி, கீழே உள்ள சுருள்களைச் சிறு கீறல்கள் வழியே எடுப்பது என்ற இந்தக் கூட்டுச் சிகிச்சை இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கும் பொதுவான முறையாக இருந்தது.

இதில் பட்டறிவு தந்த திருத்தங்கள் உண்டு. கணுக்கால் வரை உருவினால், அங்கே சிரையை ஒட்டி ஓடும் சஃபீனஸ் நரம்பு காயப்பட்டுப் பாதத்தின் உட்புறம் மரத்துப்போகும். அதனால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிறுத்தும் வழக்கம் வந்தது. அறுத்த இடத்தில் புதுச் சிரைகள் முளைத்துச் சந்திப்பை மறுபடி இணைக்கும் விந்தையும் தெரிய வந்தது. கைதேர்ந்தவர் செய்தாலும் நோய் திரும்புவதற்கு இது ஒரு காரணம். 1967இல் ரெனே ஃபவலோரோ கிளீவ்லேண்டில் பெரிய சஃபீனஸ் சிரையை இதய பைபாஸுக்குப் பயன்படுத்தியதிலிருந்து, கெடாத சிரையைத் தேவையின்றி உருவிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் சேர்ந்தது.

புண் உள்ள கால்களில் ஊடுசிரைகளே குற்றவாளிகள் என்று கருதிய லிண்டன் 1938இல் அவற்றை நீண்ட கீறல் வழியே கட்டினார். நலிந்த தோலில் போட்ட அந்தக் கீறல்கள் ஆறாமல் பலருக்குத் தொல்லை தந்தன. 1980களில் அதையே உள்நோக்கிக் கருவி கொண்டு செய்தார்கள். இப்போது அது பெரும்பாலும் ஒதுங்கிவிட்டது.

சுவிட்சர்லாந்தின் தோல் மருத்துவர் ராபர்ட் முல்லர் 1956இல் தொடங்கிய முறை மட்டும் அப்படி ஒதுங்கவில்லை. தோலை மரத்துப்போகச் செய்து, தையலே தேவைப்படாத நுண்துளைகள் போட்டு, நுண்கொக்கியால் சுருளை வெளியே இழுத்துத் துண்டுதுண்டாக எடுக்கிறார்கள். நோயாளி அன்றே நடந்து வீடு திரும்புவார். செல்சஸின் கொக்கிதான் இது. வலியும் தழும்பும்தான் இல்லை. மூலச் சிரையை எந்த வழியில் அடைத்தாலும், புடைத்த கிளைகளை எடுக்க முல்லரின் வழியே இன்றும் உதவுகிறது.

ஊசி மருந்து

சிரைக்குள் மருந்து செலுத்தி அதன் சுவரைப் புண்ணாக்கி ஒட்டவைக்கும் எண்ணம், 1853இல் லியோனைச் சேர்ந்த பிராவாஸ் உருவாக்கிய ஊசிக்குழாயோடு பிறந்தது. இரும்புக் குளோரைடு போன்ற முரட்டு மருந்துகளால் சீழும் உறைகட்டியும் வரவே, 1894இல் அதே லியோன் நகரில் கூடிய மருத்துவ மாநாடு இதைக் கண்டித்தது. முதல் உலகப் போர்க்காலத்தில் மேகநோய்க்கு ஊசி போட்ட சிரைகள் கெட்டிப்பட்டு அடைந்துபோவதைக் கவனித்தபோது ஆர்வம் மீண்டும் எழுந்தது. 1940களில் சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட் வந்தது. போலிடோகனால் அதன் பிறகு வந்தது. மருந்தை நுரையாக்கினால் அது இரத்தத்தை விலக்கி, சிரைச் சுவரை முழுதாகத் தொடும். 2000இல் இத்தாலியின் டெஸ்ஸாரி இரண்டு ஊசிக்குழாய்களையும் ஒரு மூவழிக் குழாயையும் இணைத்து நுரை தயாரிக்கும் மலிவான வழியைக் காட்டினார். பெரிய கருவி எதுவும் வாங்க முடியாத சிறு மருத்துவமனைக்கும் இது எட்டும்.

சிரைக்குள் வெப்பம்

1980களில் டூப்ளக்ஸ் அல்ட்ராசவுண்ட், அதாவது நம் ஊரில் டாப்ளர் ஸ்கேன் என்று எழுதித் தரும் சோதனை, எல்லாவற்றையும் மாற்றியது. டிரெண்டலென்பர்க் விரலால் ஊகித்த பின்னோட்டத்தைத் திரையில் பார்க்கவும், எந்தச் சந்திப்பு, எந்த ஊடுசிரை என்று குறிக்கவும், ஆழ்சிரை அடைபடாமல் இருக்கிறதா என்று உறுதி செய்யவும் முடிந்தது. ஆழ்சிரை அடைபட்டிருந்தால் மேல்சிரையே காலின் இரத்தத்துக்கு மாற்றுவழியாக இருக்கக்கூடும். அதைப் பாராமல் அடைப்பது தீங்கு. ஆகவே ஸ்கேன் இல்லாமல் எந்த அறுவைக்கும் சம்மதிக்க வேண்டாம் என்று சொல்வது மிகையல்ல.

ஸ்கேன் துணையோடு சிரைக்குள் கம்பியை விட்டு வெப்பத்தால் சுருக்கி மூடும் முறை 1990களின் கடைசியில் வந்தது. ரேடியோ அலைக் கருவிக்கு அமெரிக்க அனுமதி 1999இல் கிடைத்தது. லேசரை ஸ்பெயினின் கார்லோஸ் போனே அதே காலத்தில் பயன்படுத்தினார். 2007இல் வந்த ரேடியோ அலைக் கம்பி, 7 செ.மீ. நீளப் பகுதியை 120 டிகிரி செல்சியஸில் 20 வினாடி சூடாக்கி, அடுத்த பகுதிக்கு நகரும். லேசர்களும் 810 நானோமீட்டரிலிருந்து, நீரால் நன்கு உறிஞ்சப்படும் 1470க்கு மாறின. பிந்தியதில் வலியும் கன்றலும் குறைவு. இத்தனையும் முழு மயக்கமின்றி நடக்கக் காரணம், ஜெஃப்ரி கிளைன் 1987இல் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்காக வகுத்த முறை. நீர்த்த மரப்பு மருந்தைச் சிரையைச் சுற்றி நிறையச் செலுத்தினால் வலி போகும், சிரை சுருங்கும், சுற்றியுள்ள நரம்பையும் தோலையும் வெப்பம் தாக்காது. வெப்பமே வேண்டாத வழிகளும் உண்டு. சயனோஅக்ரிலேட் பசையால் சிரையை ஒட்டும் முறைக்கு அமெரிக்கா 2015இல் அனுமதி தந்தது. சிலருக்கு இந்தப் பசை ஒவ்வாமை உண்டாக்குகிறது.

எது சிறந்தது?

விளம்பரங்கள் லேசரை மந்திரம் போல் காட்டுகின்றன. ஆய்வுகள் காட்டுவது வேறு. பிரிட்டனில் 798 பேரிடம் நடந்து 2014இல் வெளியான கிளாஸ் ஆய்வு நுரை, லேசர், அறுவை மூன்றையும் ஒப்பிட்டது. ஐந்தாண்டு முடிவுகள் 2019இல் வந்தபோது, நோய் சார்ந்த வாழ்க்கைத் தரத்தில் லேசரும் அறுவையும் நுரையைவிட மேலாக இருந்தன. லேசரின் மெய்யான மேன்மை சிறு காயமும் விரைவாக வேலைக்குத் திரும்புவதும்தான். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டி முதலில் வெப்ப முறை, அது பொருந்தாவிட்டால் நுரை, அதுவும் பொருந்தாவிட்டால் அறுவை என்று வரிசைப்படுத்தியது. மிகவும் நெளிந்த சிரைக்குள் கம்பி ஏறாது. அங்கே பழைய அறுவைக்கு இன்றும் இடம் இருக்கிறது. கருவி இல்லாத ஊரில் நன்கு செய்த உருவுதலை இரண்டாந்தரம் என்று தள்ளக் கூடாது.

எந்தக் கருவி என்பதைவிட எப்போது என்பதே பெரிய கேள்வி. 2004இல் வெளியான எஸ்கார் ஆய்வில், புண்ணுக்கு அழுத்தக் கட்டு மட்டும் போட்டவர்களில் 28 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் புண் திரும்பியது. அத்துடன் மேல்சிரை அறுவையும் செய்தவர்களில் அது 12 சதவீதம். புண் ஆறட்டும், பிறகு பார்க்கலாம் என்பதே அதன் பிறகும் பல இடங்களில் வழக்கமாக இருந்தது. 450 பேரிடம் நடந்து 2018இல் வெளியான எவ்ரா ஆய்வு அதைக் கேள்விக்குள்ளாக்கியது. சிரையை உடனே அடைத்தவர்களின் புண் ஆற எடுத்த இடைநிலைக் காலம் 56 நாள். தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். கணுக்காலில் வந்த புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருக்க விடாமல், அவரை டாப்ளர் ஸ்கேனுக்கும் சிரை மருத்துவரிடமும் அனுப்ப வேண்டும் என்பது நைஸ் வழிகாட்டியிலேயே உள்ளது.