குருவும் லகுவும், ஒன்றும் பூச்சியமும்

வேதத்தின் ஆறு அங்கங்களுள் ஒன்று சந்தஸ் என்பதை அன்பர்கள் அறிவர். மந்திரங்களின் அளவு பிழையாமல் காக்க எழுந்த இச்சாஸ்திரத்துக்கு மூலநூல் செய்தவர் பிங்கலர். அவர் வாழ்ந்தது கி.மு. 3 அல்லது 2-ஆம் நூற்றாண்டு என்பர் அறிஞர் பலர்.

வடமொழிச் செய்யுளில் அசை இருவகை: குறுகி ஒலிப்பது லகு, நீண்டு ஒலிப்பது குரு. மூன்று அசைகளை 8 விதமாக அடுக்கலாம். நான்கு அசைகளை 16 விதமாக அடுக்கலாம். இவற்றை ஒழுங்காக வரிசைப்படுத்துவதற்குப் பிரஸ்தாரம் என்று பெயர். அவ்வரிசையில் ஒரு வரி அழிந்துபோனால் அதன் எண்ணைக் கொண்டே மீட்கும் வழிக்கு நஷ்டம் என்று பெயர். எண் இரட்டையானால் லகு எழுதிப் பாதியாக்க வேண்டும். ஒற்றையானால் குரு எழுதி, 1 கூட்டிப் பாதியாக்க வேண்டும். மூவசையில் 6-ஆவது வரியைத் தேடுவோம். 6 இரட்டை, லகு, பாதி 3. அது ஒற்றை, குரு. 1 கூட்டிப் பாதியாக்க 2. அது இரட்டை, லகு. விடை: லகு, குரு, லகு.

லகுவை 1 என்றும் குருவை 0 என்றும் எழுதினால் இது 101 ஆகும். கணிப்பொறி எண்களை எழுதும் முறையும் இதுவே. இதனால்தான் கணிப்பொறியே நம் முன்னோர் கண்டது என்று மேடைகளில் சிலர் முழங்குகின்றனர். அது மிகை. பிங்கலர் அசைகளை எண்ணினார். அவருடைய சூத்திரங்களில் இவ்வரிசைகளைக் கூட்டும் விதி இல்லை.

கூட்டும் விதியை ஐரோப்பாவில் விரிவாக விளக்கியவர் ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ். 1679-இல் குறிப்பெழுதி, 1703-இல் பாரிஸ் அறிவியல் கழகத்துக்குக் கட்டுரை அளித்தார். அதில் சீனத்துப் பழைய குறியீடுகளைப் பற்றிக் கூறுகிறார், பிங்கலரைக் கூறவில்லை.

விதி எளிது. இடங்களின் மதிப்பு வலமிருந்து 1, 2, 4, 8 என இரட்டிக்கும். ஒன்றும் பூச்சியமும் சேர்ந்தால் 1. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் 0 எழுதி, 1-ஐ இடப்பக்கத்து இடத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். 6 என்பது 110. 3 என்பது 011. வலக்கோடியில் 0-உம் 1-உம் சேர்ந்து 1. அடுத்து 1-உம் 1-உம். 0 எழுதி 1 கொண்டு செல்க. அடுத்து 1-உம் 0-உம், வந்த 1-உம். மீண்டும் 0 எழுதி 1 கொண்டு செல்க. விடை 1001, அதாவது 8-உம் 1-உம் சேர்ந்த 9.

1937-இல் அமெரிக்கரான ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ், தொலைபேசி ரிலேக்கள் இரண்டு, டார்ச் பல்புகள், புகையிலை டின்னிலிருந்து வெட்டிய தகடு ஆகியவற்றைக் கொண்டு வீட்டுச் சமையலறை மேசையில் இக்கூட்டலைச் செய்யும் கருவியை அமைத்தார். பல்பு எரிந்தால் 1, அணைந்தால் 0.

பிள்ளைகளிடம் பிங்கலரைப் பற்றிப் பெருமையுடன் சொல்லலாம். உள்ளதை உள்ளபடி சொன்னாலே அவர் புகழுக்குப் போதும். மிகைப்படுத்தினால், பள்ளியில் லைப்னிட்ஸைப் படித்துவரும் பிள்ளை பிங்கலரையும் நம்பாது போகும்.