பில் தொலைஞ்சு போச்சா? பழுதான பொருளைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா? சட்டம் சொல்வது என்ன?

புது மிக்ஸி வாங்கி 10 நாள்கூட ஆகியிருக்காது. சட்னி அரைக்கும்போதே கருகிய வாடை வந்து மோட்டார் நின்றுவிடும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் முதல் கேள்வியே, "பில் இருக்கா?" என்பதுதான். இல்லை என்றால், "பில் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். பலரும் நம்ம தப்புதானே என்று நினைத்து, கையில் பொருளோடு திரும்பி வந்துவிடுகிறார்கள்.

ஆனால், பில் தொலைந்ததால் உரிமையும் தொலைந்துவிடாது. அந்தக் கடையில்தான் வாங்கினோம் என்று வேறு வழியில் காட்ட முடிந்தால் போதும். அது எப்படி?

சட்டத்தில் என்ன இருக்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, கடந்த 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. விலை கொடுத்து, சொந்த உபயோகத்துக்காகப் பொருள் வாங்கும் எவரும் இந்தச் சட்டப்படி நுகர்வோர்தான். கையில் பில் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்த வரையறையில் இல்லை.

இதே சட்டத்தின் 2(47) பிரிவு, 'நியாயமற்ற வணிக நடைமுறை' எவை என்று பட்டியலிடுகிறது. அதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. விற்ற பொருளுக்கு பில் கொடுக்காமல் இருப்பது.

2. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது. பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள் தர வேண்டும். எதுவும் போடவில்லை என்றால் 30 நாட்களுக்குள் தர வேண்டும்.

ஆகவே, கடைக்காரர் பில்லே கொடுக்கவில்லை என்றால், 'பில் எங்கே?' என்று கேட்டு அவர் தப்பிக்க முடியாது. தவறு அவர் பக்கம். பில்லில் 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று அச்சடித்திருந்தாலும், பழுதான பொருள் விஷயத்தில் அந்த வரி சட்டத்தை மீறி நிற்காது.

கடைக்காரர் ஏன் பில் கேட்கிறார்?

அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. வேறு கடையில் வாங்கிய பொருளைச் சிலர் தன் கடையில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு இருக்கும். எந்தத் தேதியில் விற்றது என்று தெரியாமல் கம்பெனியிடமோ மொத்த வியாபாரியிடமோ அவரால் மாற்று கேட்க முடியாது. எனவே எந்தக் கடை, எந்தத் தேதி, எந்தப் பொருள், எவ்வளவு விலை என்ற நான்குக்கும் பதில் கிடைத்துவிட்டால் பில்லின் வேலை முடிந்த மாதிரிதான்.

பில்லுக்குப் பதில் எதைக் காட்டலாம்?

* யுபிஐ பேமென்ட்: கூகுள் பே, போன்பே போன்ற செயலிகளில் பழைய பரிவர்த்தனைகள் அப்படியே இருக்கும். கடைப் பெயர், தேதி, தொகை, பரிவர்த்தனை எண் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளலாம்.

* கார்டு, வங்கிக் கணக்கு: வங்கியின் எஸ்எம்எஸ் அல்லது ஸ்டேட்மென்ட். இஎம்ஐயில் வாங்கியிருந்தால் கடன் ஆவணத்தில் பொருளின் விவரமும் பெரும்பாலும் இருக்கும்.

* மொபைல் நம்பர்: பில் போடும்போது நம்பர் கேட்டு வாங்கியிருப்பார்கள். அதை வைத்துக் கடை கம்ப்யூட்டரில் பழைய பில்லைத் தேடலாம். எஸ்எம்எஸ்ஸிலோ வாட்ஸ்அப்பிலோ பில் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

* வாரண்டி கார்டு: கடை சீலும் தேதியும் இருந்தால் வலுவான ஆதாரம்.

* அட்டைப்பெட்டி: சீரியல் நம்பர், பேட்ச் நம்பர், போன் என்றால் ஐஎம்இஐ எண், கடை ஒட்டிய விலை ஸ்டிக்கர். பெட்டியைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம்.

ஆன்லைனில் வாங்கியிருந்தால் கவலையே இல்லை. ஆர்டர் பக்கத்திலேயே இன்வாய்ஸை டவுன்லோடு செய்துகொள்ளலாம்.

கடையில் பில் நகல் இருக்குமா?

ஜிஎஸ்டி பதிவு பெற்ற கடை என்றால் இருக்க வேண்டும். கணக்குகளையும் ஆவணங்களையும், அந்த ஆண்டுக்கான ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள், அதாவது 6 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்ட விதி. எனவே "போன மாசத்து பில் எங்ககிட்ட இல்ல" என்பது சரியான பதில் அல்ல. 'இந்தத் தேதியில், இந்தத் தொகைக்கு வாங்கினேன். டூப்ளிகேட் பில் கொடுங்க' என்று கேட்கலாம்.

200 ரூபாய்க்குக் குறைவான விற்பனையில், வாடிக்கையாளர் கேட்காவிட்டால் தனி பில் போட வேண்டிய கட்டாயம் இல்லை. கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

கடைக்குப் போகும்முன் என்ன செய்யணும்?

பழுது தெரிந்ததும் பொருளை மேற்கொண்டு பயன்படுத்தக் கூடாது. நாமே கழற்றிப் பார்ப்பதும், தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுப்பதும் ஆபத்து. 'நீங்க திறந்ததாலதான் கெட்டுச்சு' என்று சொல்ல இடம் கொடுத்துவிடும். பழுதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ ஒரு செய்தி அனுப்புங்கள். வாங்கிய தேதி, பொருள், தொகை, பழுது என்ன என்று நான்கு வரி போதும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. "சர்வீஸ் சென்டர்ல கொடுங்க", "அடுத்த வாரம் வாங்க" என்று கடையிலிருந்து பதில் வந்தால், பொருளை விற்றது தாங்கள்தான் என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

எக்காரணம் கொண்டும் வேறு கடையில் சொல்லி போலி பில் தயார் செய்யக் கூடாது. நியாயமான புகாரும் அதனால் கெட்டுப்போகும். வழக்கும் பாயலாம்.

30 நாள் தாண்டிவிட்டால்?

உரிமை முடிந்துவிடாது. வாரண்டி காலம் இருந்தால் கம்பெனியின் சர்வீஸ் சென்டரை அணுகலாம். பில் இல்லாதபோது சீரியல் நம்பரை வைத்துத் தயாரிப்புத் தேதியிலிருந்து வாரண்டியைக் கணக்கிடும் நிறுவனங்களும் உண்டு. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது.

எப்போது திருப்பிக் கொடுக்க முடியாது?

கலர் பிடிக்கவில்லை, வேறு இடத்தில் விலை குறைவு என்பதெல்லாம் பழுது ஆகாது. அப்போது மாற்றித் தருவது கடையின் விருப்பம். அங்கே பில் இருந்தால்தான் மாற்றுவோம் என்று அவர்கள் சொல்லலாம். குறையைச் சொல்லியே தள்ளுபடியில் விற்ற பொருளுக்கும், கீழே போட்டு உடைத்த பொருளுக்கும் அந்தக் குறையைக் காட்டிப் பணம் கேட்க முடியாது.

ரொக்கம் கொடுத்து, பில்லும் இல்லாமல், நம்பரும் கொடுக்காமல் வாங்கியிருந்தால் நிரூபிப்பது கஷ்டம்தான். அப்படியிருந்தால் தாமதிக்காமல் கடைக்குப் போக வேண்டும். சிசிடிவி பதிவு அழிந்துபோவதற்குள் பார்க்கச் சொல்லலாம். வாங்கும்போது கூட வந்தவரின் சாட்சியமும் உதவும்.

கடைக்காரர் மறுத்தால் எங்கே போவது?

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. புகாரைப் பதிவு செய்து எதிர்த்தரப்பிடம் பேசுவார்கள். இங்கே தீர்ப்பு சொல்லும் அதிகாரம் கிடையாது, சமரசம் மட்டும்தான்.

அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் இங்கேயே புகார் செய்யலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சென்னையில் வாங்கிய பொருளுக்குத் தென்காசியில் வசிப்பவர் தன் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 'இ-ஜாக்ரிதி' இணையதளம் மூலமும் பதிவு செய்ய முடியும்.

பழுதைச் சரிசெய்யவோ, புதுப் பொருள் தரவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ, அலைச்சலுக்கு இழப்பீடு வழங்கவோ ஆணையம் உத்தரவிடலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 3 மாதத்துக்குள், ஆய்வகப் பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இதைவிட நாள் ஆகலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்றே செய்யக்கூடிய ஒன்று: இப்போது கடைகளில் கொடுக்கும் வழுவழு தாள் பில்லில் எழுத்து சில மாதங்களில் மங்கிப்போகும். பத்திரமாக வைத்திருந்தாலும் வெறும் வெள்ளைத்தாள்தான் மிஞ்சும். வாங்கிய அன்றே போனில் ஒரு போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வைத்துவிட்டால் 'பில் இருக்கா?' என்ற கேள்விக்கு எப்போதும் பதில் கையில் இருக்கும்.