இந்தியக் கிரிக்கெட்டில் தேர்வும் வேகப் பந்து வீச்சும்

கல்விச் சங்கமொன்றின் வெள்ளி விழா மலரில் கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். எழுதத் தொடங்குமுன் நாமும் அவ்வாறே எண்ணினோம். ஆயினும், 'இந்தியனால் வேகமாகப் பந்து வீச இயலாது' என்னும் கூற்று நம் நாட்டில் பல ஆண்டுகள் ஐயமின்றி நம்பப்பட்டு வந்தது. உடல்வாகு இல்லை என்றனர். உணவு போதாது என்றனர். தட்பவெப்பம் ஒவ்வாது என்றனர். 'இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது' என்னும் பேச்சைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்தக் கூற்று இந்தப் பேச்சின் உடன்பிறப்பாகவே தோன்றியது. அது எவ்வாறு எழுந்தது, எவ்வாறு பொய்யாயிற்று, ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பவற்றை நம் இளைஞர் அறிதல் நலம் எனக் கருதியே இதனை எழுதுகின்றோம்.

மண் குவளையில் தேநீர்

இந்தியக் கிரிக்கெட்டில் தேர்வு பற்றிய வழக்கு நம்மவர் ஒருவரிடமிருந்தே தொடங்குகிறது. பல்வங்கர் பாலு என்பது அவர் பெயர். தோல் தொழில் செய்வோர் எனத் தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட மராட்டியச் சமுதாயத்தில் பிறந்தவர். புனாவில் ஐரோப்பியர் சங்கத்தின் மைதானத்தில் மாதம் 4 ரூபாய்ச் சம்பளத்துக்கு ஆடுகளத்தை உருட்டுவதும், வலை கட்டுவதும், துரைமாரின் பயிற்சிக்குப் பந்து வீசுவதும் அவர் வேலை. நாள்தோறும் மணிக்கணக்கில் பந்து வீசினார். ஆனால் மட்டையைத் தொட்டு ஆட அவருக்கு இடந்தரவில்லை. அவ்வாறு வீசி வீசியே இடக்கைச் சுழற்பந்து வீச்சில் நாட்டிலேயே முதல்வரானார்.

இந்துக்களின் ஆட்டக்குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் அவர் தொட்ட பந்தை மற்றவர்களும் தொட்டனர். தேநீர் இடைவேளையிலோ அவருக்கு வெளியே தனியாக மண் குவளையில் தேநீர் தரப்பட்டது. நம் ஊர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1906-இல் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றபோது அவ்வெற்றிக்குத் துணைநின்றவர்களுள் பாலு முதன்மையானவர். 1911-இல் பாட்டியாலா மகாராசா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்தியக் குழுவில் அவர் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இத்தனைக்குப் பின்னும் குழுத் தலைமை அவருக்குக் கிட்டவில்லை. ஆண்டுதோறும் பேச்சு எழும். ஆண்டுதோறும் வேறொருவர் தலைவராவார்.

1920-இல் பாலு குழுவிலிருந்தே நீக்கப்பட்டார். தலைமைப் பொறுப்பும் அவர் தம்பி விட்டலுக்கு வழங்கப்படாமல் பிறிதொருவரிடம் சென்றது. உடனே விட்டலும் மற்றொரு தம்பி சிவராமும் தம் மனக்குறையை வெளிப்படையாக எழுதித் தெரிவித்துவிட்டு ஆட்டத்திலிருந்து விலகி நின்றனர். அதன் பயனாக அவ்வாண்டே பாலு துணைத் தலைவராக்கப்பட்டார். 1923-இல் விட்டல் தலைவரானார். அவர் தலைமையில் இந்துக்கள் கோப்பையை வென்றனர். கெஞ்சாமலும் வசைபாடாமலும், தம் தகுதியை எடுத்துக்காட்டி அச்சகோதரர்கள் எழுப்பிய கேள்வி நம் இளைஞர் நினைவில் இருத்த வேண்டிய ஒன்றாகும்.

லார்ட்ஸ் மைதானத்தில்

1932 ஜூன் 25-ஆம் நாள் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஆடியது. பத்து நாட்களுக்கு முன்னர்தான் ஹோம்ஸ், சட்கிளிஃப் என்னும் இரு ஆங்கில மட்டையாளர்கள் ஒரு மாநில ஆட்டத்தில் சேர்ந்து 555 ஓட்டங்கள் குவித்திருந்தனர். அவ்விருவரின் ஸ்டம்புகளையும் முகமது நிசார் அடுத்தடுத்துச் சாய்த்தார். இங்கிலாந்து 19 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட்டுகளை இழந்து தவித்தது. நிசார் 93 ஓட்டங்கள் கொடுத்து ஐவரை வீழ்த்தினார். மறுமுனையில் அமர்சிங் வீசினார். ஆட்டத்தில் இந்தியா தோற்றது உண்மை. ஆயினும் இந்தியாவின் டெஸ்ட் வரலாறு வேகப் பந்து வீச்சோடுதான் தொடங்கிற்று என்பதும் உண்மை. இயலாது என்று பின்னாளில் சொன்னவர்கள் இந்த முதல் பக்கத்தையே மறந்தனர்.

தமிழ்நாட்டிலும் அந்நாளில் வேகப் பந்து வீச்சாளர் இருந்தார். 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதல் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். ஹாக்கியிலும் வல்லவரான அவர், 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குச் செல்லும் வாய்ப்பை விடுத்துக் கிரிக்கெட் குழுவுடன் இங்கிலாந்து சென்றார். அங்கு மூன்று டெஸ்ட் ஆட்டங்களில் ஒன்றிலும் அவர் சேர்க்கப்படவில்லை. ஹாக்கிக் குழுவோ தங்கப் பதக்கத்தோடு திரும்பியது. அச்சுற்றுப்பயணத்தின் தலைவர் விசயநகரத்து மகாராஜகுமார். மூன்று டெஸ்டுகளிலும் சேர்த்து அவர் எடுத்தவை 33 ஓட்டங்கள். குழுவின் சிறந்த ஆட்டக்காரருள் ஒருவரான லாலா அமர்நாத், முதல் டெஸ்டுக்கு முன்னரே ஒழுங்கீனம் என்ற காரணங்காட்டி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். ஆற்றலினும் அரண்மனை பெரிதாக இருந்த காலம் அது.

பளபளப்பை அகற்றும் வேலை

அமர்சிங் 1940-இல் நிமோனியாவால் இளம் வயதிலேயே மறைந்தார். நிசார் நாட்டுப் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானியரானார். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப முயற்சி எதுவும் இல்லை. 1952-இல் இங்கிலாந்தின் ஹெடிங்லி மைதானத்தில் இரண்டாவது ஆட்டத்தைத் தொடங்கிய இந்தியா, ஓர் ஓட்டமும் எடுக்குமுன்னே நான்கு விக்கெட்டுகளை இழந்தது. அவற்றுள் மூன்றை வீழ்த்தியவர் அன்று அறிமுகமான ஃபிரெட் ட்ரூமன். 1958-59-இல் மேற்கிந்தியத் தீவுகளின் வெஸ் ஹால் 30 விக்கெட்டுகளும் கில்கிறிஸ்ட் 26 விக்கெட்டுகளும் நம் நாட்டிலேயே வீழ்த்தினர். அந்த ஐந்து டெஸ்டுகளில் இந்தியாவுக்கு நான்கு தலைவர்கள். யாரைச் சேர்ப்பது என்னும் பூசலில், சென்னை டெஸ்டின் வேளையில் உம்ரிகர் தலைமையைத் துறந்தார். எதிரே ஹால் ஓடி வர, இங்கே நாற்காலிக்கு வழக்கு நடந்தது.

1962-இல் பார்படாஸ் தீவில் தலைவர் நாரி கான்ட்ராக்டர் தலையில் பந்து தாக்கி உயிருக்குப் போராடினார். அதன்பின் வாரியம் விழித்தது; நான்கு மேற்கிந்திய வேகப் பந்து வீச்சாளர்களை வரவழைத்து உள்நாட்டுப் போட்டிகளில் ஆடச் செய்தது. அதன் முதன்மை நோக்கம் நம் மட்டையாளர்கள் வேகப் பந்தை எதிர்கொள்ளப் பழகுவதாகும். நம்மிலிருந்து அவ்வாறு வீசுவோரை உருவாக்க நிலையான ஏற்பாடு எதுவும் எழவில்லை.

இதன் காரணத்தைச் சற்று ஆராய்தல் வேண்டும். புதுப் பந்து பளபளப்போடு இருக்கும்வரைதான் வேகப் பந்து வீச்சாளனுக்கு அதில் ஆதாயம் மிகுதி. நம் ஆடுகளங்களோ காய்ந்து, தேய்ந்து, சுழலுக்கு ஏற்றவையாக அமைந்தன. ஆகவே பந்தின் பளபளப்பை விரைவில் அகற்றிச் சுழல் வீச்சாளரிடம் ஒப்படைப்பதே தொடக்க வீச்சாளனின் கடமையாகக் கருதப்பட்டது. 1967-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பேடி, பிரசன்னா, சந்திரசேகர், நம் சென்னையின் வெங்கட்ராகவன் ஆகிய நால்வரையும் ஒருங்கே ஆடவிட்ட இந்தியா, விக்கெட் காப்பாளரான குந்தரனைக் கொண்டு பந்து வீச்சைத் தொடங்கியது. பிற்காலத்தில் மட்டையாளர் கவாஸ்கர்கூடப் புதுப் பந்தை வீசியதுண்டு. அந்த நால்வரின் பெருமையை நாம் குறைத்துரைக்கவில்லை. 1971-இல் மேற்கிந்தியத் தீவுகளையும் இங்கிலாந்தையும் அவர்தம் மண்ணிலேயே வென்றதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வெற்றிகளின் தலைவர் வாடேகர், தேர்வுக் குழுத் தலைவர் விஜய் மெர்ச்சண்டின் தீர்மான வாக்கினால் பட்டோடிக்குப் பதிலாக வந்தவர் என்பதும் நினைவுகூரத் தக்கது. ஒரேயொரு வாக்கு வரலாற்றை மாற்ற வல்லது.

ஆனால் இந்நிலையைக் காணும் சிறுவன் என்ன கற்பான்? வேகமாக வீசினால் நான்கு ஓவர். பிறகு எல்லைக்கோட்டருகே நிற்க வேண்டும் என்பதைக் கற்பான். வாய்ப்பில்லாததால் வீச்சாளர் உருவாகவில்லை. வீச்சாளர் இல்லையென்று காட்டி வாய்ப்பு மறுக்கப்பட்டது. செக்குமாடு சுற்றியது போன்ற இச்சுற்றுக்கு 'உடல்வாகு' என்று பெயர் சூட்டினர்.

மற்றொன்றும் உண்டு. வேகப் பந்து வீச்சு உடலுழைப்பின் கலை. இங்கிலாந்தின் ஹெரால்டு லார்வுட்டும் ட்ரூமனும் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். உழைக்கும் குடும்பங்களின் வாயிலுக்கு ஆட்டம் சென்றதால் அந்நாட்டுக்கு அவர்கள் கிடைத்தனர். நம் நாட்டிலோ ஆட்டம் நெடுங்காலம் அரண்மனைகளிலும் நகரத்துச் சங்கங்களிலும் கல்லூரிகளிலும் தங்கியிருந்தது. மண்வெட்டி பிடித்துத் திண்தோள் பெற்ற இளைஞன் வேலிக்கு வெளியே நின்றான். வேலிக்கு வெளியே தேடாதவர்கள், நாட்டிலேயே இல்லை என்று முடிவு கட்டினர்.

பொய்யாகிய கூற்று

சண்டிகரைச் சேர்ந்த ஒரு சிறுவன் பம்பாயில் இளையோர் பயிற்சி முகாமுக்குச் சென்றிருந்தான். 'நான் வேகப் பந்து வீச்சாளன். இவ்வுணவு எனக்குப் போதாது' என்றான். இந்தியாவில் வேகப் பந்து வீச்சாளரே கிடையாது என்று நகைப்புடன் விடை வந்ததாக அவரே பின்னர்க் கூறியுள்ளார். அச்சிறுவன்தான் கபில்தேவ். 1978-இல் டெஸ்ட் ஆடத் தொடங்கிய அவர், 1983-இல் உலகக் கோப்பையை ஏந்தினார். 1994-இல் உலகிலேயே மிகுதியான டெஸ்ட் விக்கெட்டுகளை வீழ்த்தியவரானார். 434 விக்கெட்டுகளுடன் ஓய்வு பெற்றார். அவரும் தேர்வுக் குழுவின் கோபத்துக்குத் தப்பவில்லை. 1984-இல் டில்லி டெஸ்டில் பொறுப்பின்றி மட்டை வீசினார் எனக் கல்கத்தா டெஸ்டிலிருந்து நீக்கப்பட்டார். தம் ஆட்டக் காலத்தில் அவர் ஆடாத டெஸ்ட் அது ஒன்றே.

கபில்தேவைக் கண்டு நாடு முழுதும் சிறுவர் ஓடி வந்து வீசத் தொடங்கினர். 1987-இல் சென்னைச் சேத்துப்பட்டில் எம்.ஆர்.எஃப். வேகப் பந்து வீச்சுப் பயிற்சி நிலையம் எழுந்தது. ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி அங்கு ஆசானாக வந்தார். வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான், முனாஃப் பட்டேல் முதலியோர் அங்குப் பயின்றவர்கள். உடல்வாகு இல்லையென்ற நாட்டில், பயிற்சி கிடைத்தவுடன் உடல்வாகும் வந்துவிட்டது! எனினும் பழைய எண்ணம் எளிதில் அகலவில்லை. 1991-இல் ஆஸ்திரேலியாவில் அறிமுகமான மைசூர் ஜவகல் ஸ்ரீநாத், தாய்நாட்டில் டெஸ்ட் ஆட 1994 வரை காத்திருந்தார். பின்னர் 236 விக்கெட்டுகளை வீழ்த்தி அக்காத்திருப்புக்கு விடை தந்தார்.

2018 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியா சுழல் வீச்சாளர் ஒருவருமின்றி ஐந்து வேகப் பந்து வீச்சாளர்களோடு களமிறங்கி 63 ஓட்டங்களில் வென்றது. விக்கெட் காப்பாளர் பந்து வீசத் தொடங்கிய 1967-ஐ இதனோடு ஒப்பிடுக. ஐம்பத்தோர் ஆண்டுகளில் இந்தியரின் எலும்பும் தசையுமா மாறின? மாறியவை பயிற்சியும், நம்பிக்கையும், தேடிய இடமும் ஆகும்.

தேடிய இடம் மாறியதற்குச் சான்று காட்டுவோம். உமேஷ் யாதவ் நாகபுரிப் பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். முகமது சிராஜ் ஐதராபாத் ஆட்டோ ஓட்டுநரின் மகன். 2020-இல் ஆஸ்திரேலியாவில் இருக்கையில் தந்தையை இழந்தும் கடமையில் நின்றவர். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன் தறித் தொழிலாளியின் மகன். தாயார் சாலையோரத்தில் கோழி இறைச்சிக் கடை வைத்திருந்தார். டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய நடராஜன் மாநிலக் குழுவுக்கு வந்தபோது, பந்து வீசும் முறை ஐயத்துக்குரியது என்றனர். அவர் சோர்ந்துவிடாமல் முறையைத் திருத்திக்கொண்டு மீண்டார். 2020-இல் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுபவராகவே ஆஸ்திரேலியா சென்றார். மற்றவர்கள் காயமுற, அழைப்பு வந்தது. ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவரே. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியா பெற்ற வெற்றியில் நடராஜனும் சிராஜும் பங்கு பெற்றனர். பின்னர் நடராஜன் தம் சொந்த ஊரிலேயே இளைஞர்களுக்கென ஒரு மைதானம் அமைத்தார்.

துரைமாருக்கு வலையில் பந்து வீசிய பாலுவையும், வலைப் பந்து வீச்சாளராகச் சென்ற நடராஜனையும் சேர்த்து எண்ணுங்கால், நூறாண்டு இடைவெளி நம் கண்முன் தோன்றுகிறது. ஒருவர் தலைவராகாமலே ஓய்ந்தார். மற்றவர் நாட்டின் உடையணிந்து ஆடினார். வழி திறந்திருக்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. தற்செயலாய் நேர்ந்த காயங்களால் திறந்தது என்பது சிந்தனைக்குரியது.

நாம் செய்ய வேண்டுவது

நம் சிறுவயதில், ஊர்த்திடலில் பெரிய வீட்டுப் பிள்ளைகள் ஆடுவர். முட்புதரில் விழும் பந்தை எடுத்தெறிவது நம் தெருப் பிள்ளைகளின் வேலை. அவர்களுள் ஒருவன் திடலின் கோடியிலிருந்து எறிந்தால் பந்து ஸ்டம்பைத் தட்டும். 'என்ன கை!' என்று வியப்பார்களே தவிர, ஒருநாளும் அவனிடம் பந்தைக் கொடுத்து வீசச் சொன்னதில்லை. அவன் ஏழாம் வகுப்போடு செங்கல் சூளைக்குச் சென்றுவிட்டான். அவன் எப்படி வீசியிருப்பான் என்பது இனி எவரும் அறிய முடியாதது.

தலைமையாசிரியரானபின் பள்ளி ஆட்டக்குழுத் தேர்வில் ஒரு விதி வைத்தோம். பெயர் எழுதுமுன், வந்து நிற்கும் ஒவ்வொரு மாணவனும் ஆறு பந்துகள் வீச வேண்டும். காலில் செருப்பு இல்லாதவனும் வீச வேண்டும். அதற்கு இரண்டு மாலைப் பொழுதுகள் செலவாகின்றன. உடற்பயிற்சி ஆசிரியர் முதலில் முணுமுணுத்தார். இப்போது அவரே பந்தை எடுத்து நீட்டுகிறார். சென்ற ஆண்டு குழுவின் தொடக்க வீச்சாளனாக வந்தவன், வரிசையின் கடைசியில் தயங்கி நின்ற மாணவன்.

இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்து வருவதும் இத்தொண்டே. படிப்பு வராது என்று ஒதுக்கப்பட்டவன் கையில் புத்தகத்தைக் கொடுத்து, 'படித்துக் காட்டு' என்றது. இளைஞர்களே, உங்களால் இயலாது என்று எவரேனும் கூறினால், முயன்று பார்க்க எத்தனை வாய்ப்புத் தந்தீர்கள் என்று பணிவோடு கேளுங்கள். நாளை தேர்ந்தெடுக்கும் இடத்தில் நீங்கள் அமரும்போது, வரிசையின் கடைசியில் நிற்பவனுக்கும் ஆறு பந்துகள் கொடுங்கள்.