நெய்யரியும் டீசல் வடிகட்டியும்

கடை மாணாக்கனுக்குப் பவணந்தியார் நன்னூலில் சொல்லும் உவமைகளுள் நெய்யரி ஒன்று. உரைகாரர்கள் அதனைப் பன்னாடை என்பர். தெளிந்த நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்வதே அதன் குற்றம். இலக்கணம் இழித்துரைத்த இக்குணம் எந்திர உலகில் தலையாய பண்பு. டீசல் லாரியின் எரிபொருள் வடிகட்டி செய்வதும் இதுவே. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையின் வரலாற்றில் ஒரு பகுதியை இச்சிறு பொருளின் வழியாகவும் காணலாம்.

இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டால் சென்னை மாகாணத்துப் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. வாயுவோடு வரும் சாம்பலையும் தூசியையும் தடுத்துத் துப்புரவு செய்வது அன்றைய பெரும்பாடு. விடுதலைக்குப் பின் டீசல் வண்டிகளின் காலம் வந்தது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. டாடா நிறுவனம் 1954இல் பென்ஸ் நிறுவனத்தோடு கைகோத்தது. போஷின் இந்தியக் கிளையான மைக்கோ 1951இல் தோன்றி, டீசல் பம்புகளை இங்கேயே செய்யலாயிற்று.

டீசல் எந்திரத்தில் தீப்பொறி இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் எரிபொருளைப் பீய்ச்ச வேண்டும். அதற்கான பம்பின் உள்தண்டுக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் அதில் கீறல் போட்டுவிடும். ஒரு துளி நீர் துருவேற்றிவிடும். ஆகவே பழைய லாரிகளில் இரண்டு கிண்ணங்கள் அடுத்தடுத்து இருந்தன. முதலாவதில் துணி அல்லது கம்பள வடிகட்டி பருங்கசடைப் பிடிக்கும். இரண்டாவதில் மடிப்புக் காகிதம் நுண்துகளைப் பிடிக்கும்.

பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் இழுவையிழந்து திணறினால், முதலில் ஐயப்பட வேண்டியது வடிகட்டி அடைப்பையே. சாலையோரப் புளிய நிழலில் வண்டியை நிறுத்தி மாற்றிவிடுவார்கள். அதற்கும் ஒரு முறைமை உண்டு. கிண்ணத்தைத் திறக்குமுன் அதன் வெளிப்புறத்தைத் துடைக்க வேண்டும்; இல்லையேல் வெளித்தூசி உள்ளே விழும். நடு போல்ட்டைத் தளர்த்திக் கிண்ணத்தை இறக்கி, அடியில் தங்கிய நீரையும் சேற்றையும் கொட்டி, நல்ல டீசலால் கழுவ வேண்டும். நூல் பிரியும் பழந்துணி ஆகாது. அடைபட்ட காகிதத்தைக் காற்றடித்து மீண்டும் போடுவதும் ஆகாது. கிழிந்த இடத்தின் வழியே அழுக்கெல்லாம் பம்புக்குப் போய்விடும். புதிய வடிகட்டியையும் வாஷர்களையும் பொருத்திய பின், ‘ஏர் எடுக்க’ வேண்டும். காற்று அமுங்கும் இயல்புடையது. குழாயில் அது சிக்கினால் பம்பு அழுத்தம் கொடுக்க முடியாது. ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடிக்க, நுரை வரும். பிறகு குமிழிகள் குறையும். குமிழியே இல்லாமல் டீசல் வழியும்போது ஸ்க்ரூவை இறுக்க வேண்டும்.

இக்கல்விக்கு ஏடு இல்லை. ஓட்டுநர் ஆசான், கிளீனர் மாணாக்கன். விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1975இல் தொடங்கிய தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகத்துக்குப் பணிமனைகள் இருந்தன. தனியார் லாரிக்குச் சாலையே பணிமனை. எண்ணெய்க் கறை படிந்த அந்தக் கையறிவை நம் உள்ளூர் வரலாறுகள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

வடிகட்டிக்கும் ஓர் எல்லை உண்டு. மலிவான மண்ணெண்ணெயை டீசலில் கலந்தால் எந்தக் காகிதமும் அதைப் பிரிக்காது. மசகுத் தன்மை குறைந்து பம்பு தேயும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கைச் சிறுவன் ஒருவன் கழுவிவிடலாம். சந்தையின் அழுக்கை அவன் என்ன செய்வான்?

2017இல் நாடெங்கும் பாரத் 4 விதிகளும், 2020இல் பாரத் 6 விதிகளும் வந்தன. டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்காகவும், பின்னர் 10 பங்காகவும் குறைக்கப்பட்டது. காற்றுக்கு இது நன்மையே, மறுப்பதற்கில்லை. புதிய எந்திரங்களின் அழுத்தம் மிக அதிகம். வடிகட்டி பெரும்பாலும் மூடிய டப்பாவாக வருகிறது. நீர் சேர்ந்தால் விளக்கு எரிந்து சொல்கிறது. விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியைக் கடக்கும் லாரிகள் பலவற்றில் கிளீனர் இருக்கையில் ஆளில்லை.

கிளீனர் வாழ்க்கை இனிமையானது என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் லாரியேறியவர்கள் பலர். ஆயினும் அவர்கள் கற்றது ஒரு கல்வியே. 1993இல் உருவான நம் மாவட்டத்தின் வரலாறு கல்வெட்டுகளோடும் கோட்டைகளோடும் நின்றுவிடலாகாது. முதிய ஓட்டுநர்கள் இன்னும் இவ்வூர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய தொழிற்சொற்களையும் செய்முறைகளையும் நம் மாணவர்கள் கேட்டு எழுதிவைப்பார்களானால், அதுவும் தமிழாய்வே ஆகும்.